செல்வாம்பாள் படத்துக்குக் கண் வைத்தவர்

மேஜைமேல் ஒரு பித்தளைக் குடமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டை முன்னால் வைத்துக்கொண்டு குடத்தையும் பழத்தையும் வரைந்துகொண்டிருந்தார்கள். அன்புசெல்வி மட்டும் அவற்றுக்கு முன்னால் ஒரு சாமந்தி மாலையையும் வரைந்திருந்தாள்.

டிராயிங் மாஸ்டர் முத்துவேல் அவள் பின்னால் வந்து நின்றார். மாலை படத்தின் மேல் விளிம்புக்கு வெளியே எங்கிருந்தோ இறங்கி, இரண்டு பக்கமும் தொங்கியது. குடத்தின் வாய் பாதி மறைந்திருந்தது. நன்றாக வரைந்திருந்தாள், அதுதான் எரிச்சல். ஓரத்தில் வாடிப் பழுப்பேறிய இதழ்கூட விட்டுப்போகவில்லை.

"இங்க மாலை எங்க இருக்குது?"

"தெரியுதே சார்."

வகுப்பு சிரித்தது. அன்புசெல்வி அவருடைய மகள். வீட்டில் அப்பா, பள்ளி வாசலைத் தாண்டினால் சார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், உங்களுக்குத்தான் மாலை போடுது போல!" என்றது.

"எங்கம்மா தெரியுது?"

"எல்லாத்துக்கும் முன்னாடி. உங்க மூஞ்சிக்கு முன்னாடியும்தான்." சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். "எரியுது சார். ஊதுபத்தி புகை பட்டாப்ல."

முத்துவேல் உலகத்துத் தகப்பன்மார் எல்லோரும் எல்லா நோய்க்கும் கண்டுபிடித்து வைத்திருக்கும் காரணத்தைச் சொன்னார். "செல்லு பார்க்காதன்னா கேக்குறியா?"

அறைக்கு ஸ்மார்ட் ஆர்ட் ஸ்டூடியோ என்று பெயர். உப்பளம் பகுதியில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் போன வருஷம் வரைக்கும் அது வெறும் டிராயிங் கிளாஸ்தான். கூரை ஒழுகும், தூரிகை மயிர் உதிரும். இப்போது தூரிகைகள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொடுதிரைப் பேனல், பிள்ளைகளுக்கு டேப்லெட், மேலேயிருந்து படம் பிடிக்கும் கேமரா எல்லாம் வந்துவிட்டன. கூரை மட்டும் பழைய கூரை.

திறப்பு விழாவைத் தாளாளர் தெய்வசிகாமணி நடத்தினார். அவர் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர். அந்த உரிமையில் மருமகன் எந்தக் கூட்டத்தையும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லி ஆரம்பித்து 'மெர்சி' என்று நன்றி சொல்லி முடிப்பார். நடுவில் வருவதெல்லாம் அவரைப் பற்றியது. "இப்படி ஒரு ரூம் பாரீஸ்லயே கிடையாது" என்றார். பாரீஸில் அவர் பார்த்தது மச்சினன் வீட்டுக் கல்யாணம் ஒன்றைத்தான். பிறகு பேனலுக்கு முன்னால் நின்று தன்னையே முதல் படமாக எடுக்கச் சொன்னார். கேமராவுக்குப் பிடிபடாத இடத்தைத் தானே யோசித்து நிரப்பும் வித்தை அந்தச் சாப்ட்வேரில் இருந்தது. அது அவருடைய வழுக்கையை ஏதோ பிழை என்று எடுத்துக்கொண்டு அடர்த்தியாக முடி வைத்து நிரப்பிவிட்டது. அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. ஆபீஸில் பிரேம் போட்டு மாட்டினார்.

முத்துவேலுக்கு 'ஸ்டூடியோ பொறுப்பாளர்' என்று பட்டம் கிடைத்தது. சம்பளம் பழையதுதான், சாவி மட்டும் புதுசு. முதல் பாடமாகக் கண் வரைவது எப்படி என்று காட்டினார். அன்புசெல்வியைக் கேமராவுக்குக் கீழே உட்காரவைத்து, அவள் முகத்தைப் பேனலில் ஏற்றிப் பெரிதாக்கினார். சுவரளவு இரண்டு கண்கள். பழுப்பு வளையத்துக்குள் மெல்லிய நரம்புகள், ஓரத்து ஈரம், கருவிழிக்குள் குட்டியாய் ஜன்னல். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் கன்னியப்பன் வந்தான்.

கன்னியப்பனின் அம்மா செல்வாம்பாள் வம்பாகீரப்பாளையத்திலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு ரெட்டியார்பாளையம் வரைக்கும் மீன் விற்க வருவாள். முத்துவேல் வீட்டுக்கும் அவள்தான் வாடிக்கை. அவர் மனைவி நிர்மலா செவுளைத் தூக்கிப் பார்த்தால் செல்வாம்பாளுக்குப் பொறுக்காது. "செவுளு பொய் சொல்லும் தாயி, கண்ணு சொல்லாது" என்று மீனின் கண்மேல் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவாள். அமுங்கி, உடனே எழும்பினால் நேற்று ராத்திரி பிடிபட்ட புது மீன். குழிந்தே கிடந்தால் அதைக் கூடையில் தூக்கிப் போட்டுவிடுவாள். ஒருமுறை வாசலுக்கு வந்த அன்புசெல்வியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "பாப்பா கண்ணு என்னா தெளிவு!" என்றாள். மீன் வாசம் போக அன்புசெல்வி மூன்று தடவை முகம் கழுவினாள்.

மாரடைப்பில் செல்வாம்பாள் போய்விட்டாள். கருமாதிக்குப் படம் வேண்டும். அவள் வாழ்நாளில் போட்டோவுக்கு நின்றதில்லை. ஆதார் அட்டையில் இருந்த உருவத்தை யாருடைய அம்மா என்றும் சொல்லிக்கொள்ளலாம். கன்னியப்பன் கொண்டுவந்தது, பிணத்தைக் குளிப்பாட்டி நாற்காலியில் சாய்த்து எடுத்த செல்போன் படம். தாடைக்கட்டு, நெற்றியில் ஒத்தை ரூபாய், மூடிய கண்.

"கண்ணைத் தொறந்து வெச்சிடு சார். எங்கம்மா யாரையும் மொறைச்சிப் பார்க்காம இருந்ததே இல்ல."

முத்துவேலுக்கு இது புதிதல்ல. இந்த வேலைக்கு வருமுன் காந்தி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் இதே தொழில்தான். செத்தவர்களுக்குக் கண் திறந்துவைத்துச் சுவரில் மாட்டுவது. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. கண்ணைக் கையால் வரைய வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவர் கண்ணை எடுத்து வைக்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. முத்துவேல் அதைச் சாப்ட்வேர் இல்லாத காலத்துச் சட்டம் என்று வைத்துக்கொண்டார். வகுப்பு முடிந்த பிறகு பேனலில் செல்வாம்பாளை ஏற்றினார். ரூபாயையும் கட்டையும் எந்திரம் நொடியில் துடைத்துக் கொடுத்தது. கண்ணை இரண்டு தரம் வரைந்து பார்த்தார். இரண்டு தரமும் தேர்தல் பேனரில் சிரிப்பவர் கண்ணாகத்தான் வந்தது. பக்கத்துச் சட்டகத்தில் கண் பாடம் திறந்தே கிடந்தது.

கருமாதியன்று படத்தைத் தானே கொண்டுபோய் மாட்டினார். பெண்கள் படத்தைப் பார்த்ததும் ஓவென்று கதறினார்கள். "உசுரோட பார்க்குதே!" முத்துவேல் அடக்கமாக நின்றார். அடக்கமாக நிற்பது அவருக்கு மிகவும் பிடித்த நிலை. எல்லோரும் பார்க்கும்போது மட்டும்.

மாலையும் ஊதுபத்தியும் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன. ஆனால் அவருக்கு அப்போது அது தோன்றவில்லை.

கண் டாக்டர் எல்லா எழுத்தையும் படிக்கவைத்துப் பார்த்துவிட்டு, பார்வை பிரமாதம், செல்போனைக் குறையுங்கள் என்றார். அன்புசெல்வி தூங்குவதை நிறுத்தினாள். விளக்கணைத்துப் படுத்தவள் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருவாள்.

"கண்ணை மூடும்மா" என்பாள் நிர்மலா.

"மூடினுதாம்மா இருக்கேன். மூடினாலும் தெரியுது. செவப்பா ஒரு பல்பு."

பிறகு ஒருநாள் காலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ அடுத்த வீட்டுச் சமாச்சாரம் சொல்வதுபோலச் சொன்னாள். "ராத்திரியில ஒரு அம்மா வராங்க. கண்ணு மூடியிருக்கு. தடவிக்கினே வந்து, என் முன்னாடி நின்னு, கண்ணாடிமேல கைய வெச்சித் தேடுறாங்க."

"எந்தக் கண்ணாடி?"

"தெரியலயே. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல கண்ணாடி இருக்குது."

புயல் சின்னம் நெருங்கிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட அன்று தெய்வசிகாமணி போன் செய்தார். கூரை ஒழுகுமாம், பேனலுக்குத் தார்ப்பாய் போட வேண்டுமாம். "உயிரே போனாலும் பேனல் பத்திரம், முத்துவேல். மெர்சி." யாருடைய உயிர் என்று அவர் சொல்லவில்லை. நிர்மலாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. தனியாக இருக்க மாட்டேன் என்று அன்புசெல்வி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

பகல்தான். ஆனால் வானம் கருங்கல் தளம்போல இறங்கி உப்பளத்துக் கூரைகள்மேல் உட்கார்ந்திருந்தது. காற்று கடலிலிருந்து உப்பையும் அழுகிய பாசி நாற்றத்தையும் வாரிக்கொண்டுவந்து, ஆளில்லாத வராந்தா முழுக்க இரைத்துவிட்டு, நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போதோ போய்விட்டது. ஸ்டூடியோவில் மட்டும் யுபிஎஸ் முனகியது. டேப்லெட்டுகள் மேஜைக்கு ஒன்றாகக் கறுத்துக் கிடந்தன. கூரையிலிருந்து வாளியில் சொட்டு விழுந்தது.

முத்துவேல் பேனலை இயக்கி, பேனாவை மகள் கையில் கொடுத்தார். "உனக்கு இப்ப என்னா தெரியுதோ அதை வரை."

அவள் வரைந்தாள். முதலில் மாலை. மாலைக்கு அப்பால் ஓர் அறை. துண்டு போட்டு மூடிய டிவி. சுருட்டி வைத்த நீல வலை. தெர்மாகோல் ஐஸ்பெட்டி. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; அதன் கை உடைந்து, வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

கருமாதியன்று அந்த நாற்காலியில் ஏறி நின்றுதான் முத்துவேல் ஆணி அடித்திருந்தார். கை வைத்தபோது கயிறு உள்ளங்கையில் உறுத்தியது. அன்புசெல்வி அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

"அந்த அண்ணன் சாப்பிடுறாரு சார்" என்றாள், வரைந்துகொண்டே. "அப்பப்ப என்னை நிமிர்ந்து பார்க்குறாரு. அழுவுறாரு."

அவர் கண் பாடத்தைத் திறந்தார். விரல் இரண்டு தடவை வழுக்கியது.

பேனலில் மகளின் முகம் வந்தது. ரெட்டை ஜடை, மூக்கில் பரு, உதட்டோரச் சிரிப்பு. புருவத்துக்குக் கீழே வெறும் தோல். வழுவழுவென்று, கன்னத்தின் நிறத்திலேயே, ஒரு சுருக்கமில்லாமல் நிரப்பப்பட்ட தோல்.

அன்றைக்கு அவசரத்தில் மகள் கண்ணைக் காப்பி எடுப்பதற்குப் பதிலாகக் கட் கொடுத்திருக்கிறார். வெட்டியெடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று எந்திரம் தன் யோசனைப்படி நிரப்பியிருக்கிறது. தாளாளருக்கு முடி வைத்ததுபோல.

"என்னா சார் அது? நானா?"

"பார்க்காதம்மா. அந்தப் பக்கம் திரும்பு."

செல்வாம்பாளின் படத்தைத் திறந்தார். உடைந்த கை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்புசெல்வியின் கண்ணால் அவரைப் பார்த்தாள். கருவிழிக்குள் குட்டியாய் இந்த அறையின் ஜன்னல் இருக்க வேண்டும். இல்லை. ஒரு சிவப்புப் பல்பு இருந்தது.

கண்களைச் சுற்றிக் கோடு போட்டார். கட்.

"அப்பா."

சார் இல்லை.

"அப்பா, இருட்டாயிடிச்சி. அப்பா, எதுவும் தெரியல. எங்க இருக்க? அப்பா!"

அவள் மேஜையில் இடித்துக்கொண்டாள். பேனா உருண்டது. அவள் கண் திறந்துதான் இருந்தது. அவரைத் தாண்டி எங்கோ பார்த்தது, மேஜைமேல் கிடத்திய மீனைப்போல. முத்துவேல் ஒரு கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். மறு கையால் பேனலில் அந்த வழுவழுத் தோலைத் தொட்டார். பேஸ்ட். கண் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நகர்த்தினார். சேமித்தார்.

பேனலில் மகள் பார்த்தாள். பக்கத்திலும் பார்த்தாள்.

"தெரியுதுப்பா." அவர் முகத்தைத் தொட்டாள். "மாலை இல்ல. நீதான் தெரியுற. மூக்குக் கண்ணாடியெல்லாம் தண்ணி."

முத்துவேல் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மகளைத் தவிரப் பார்க்க ஆளில்லாத இடத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. கட் கொடுத்து எடுத்ததைப் பேஸ்ட் கொடுத்துத் திருப்பியாகிவிட்டது. அவ்வளவுதானே. தார்ப்பாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன் அடித்தது. கன்னியப்பன்.

"சார்..." மழை இரைச்சலுக்குள் அவன் குரல் விட்டு விட்டு வந்தது. "அம்மா படத்துல கண்ணு மூடிகிச்சி சார். பார்த்துகினே இருக்கேன், மூடிகிச்சி. மாலை அறுந்து கீழ விழுந்திடிச்சி. நான் வாசல்ல போயி யாரையாவது கூப்பிடலாம்னு... திரும்பி வந்து பார்த்தா நாற்காலி மட்டும்தான் சார் இருக்குது."

"எந்த நாற்காலி?"

"படத்துல சார். அம்மா இல்ல. வெறும் நாற்காலி."

முத்துவேல் பேனலைப் பார்த்தார். நாற்காலி. உடைந்த கை. கயிறு.

யுபிஎஸ் ஒரு நீளமான சத்தம் போட்டு அடங்கியது. பேனல் கறுத்தது.

வாளியில் சொட்டு. நோட்டீஸ் போர்டுக் கதவு. காற்று. பிறகு, அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில், வராந்தாவில் ஈர ரப்பர் செருப்பு. சளக். சளக். சுவரைத் தடவும் உள்ளங்கை. ஐஸ் தண்ணீரும் செதிளும் நாறும் கூடை வாசம், அறைக்குள் ஆளுக்கு முன்னால் வந்தது.

கதவருகே முதல் மேஜையில் ஒரு டேப்லெட் எரிந்தது.

யாரோ தொட்டால்தான் அது எரியும்.

அடுத்த மேஜை. அடுத்தது. நீல வெளிச்சம் ஒவ்வொன்றாக அவர்களை நோக்கி வந்தது. எரிந்த கண்ணாடிமேல் கை தடவிய ஈரம் மின்னியது. ஒன்றில் ஒரு செதிள் ஒட்டியிருந்தது. வெளிச்சத்துக்கு மேலே யாரும் இல்லை.

"அந்த அம்மாதான்ப்பா" என்றாள் அன்புசெல்வி. மெதுவாக. "கண்ணு மூடியிருக்கு. என்னைத் தேடுறாங்க."

"கண்ணை மூடிக்க. ரெண்டு கையாலயும் பொத்திக்க."

"அப்பா..."

"பொத்திக்கடி!"

அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். பேனல் சுவரோடு சுவராக இரண்டு பேரும். கடைசி மேஜையில் டேப்லெட் எரிந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவ கொழந்தம்மா. என்னுது எடுத்துக்க. உனக்கு வெச்சது நான்தான். என்னுது எடுத்துக்க."

செருப்புச் சத்தம் நின்றது.

மோவாயைப் பிடித்து ஒரு கை நிமிர்த்தியது. குளிர்ந்த கை, ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல. கட்டைவிரல் அவர் இடது இமைமேல் உட்கார்ந்தது. ஓர் அமுக்கு. எடுத்தது. காத்திருந்தது. வலது இமை. ஓர் அமுக்கு.

மூச்சுவிடாமல் நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார்.

'ம்' என்றது ஒரு குரல், அருகில்.

இருட்டு.

பிறகு மாலை. சாமந்தி. கண்ணுக்கு நேர் முன்னால், மங்கலாக, இரண்டு பக்கமும் தொங்கியது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு யாரோ அப்போதுதான் திரும்ப மாட்டிய மாலை. மாலைக்கு அப்பால் சிவப்புப் பல்பு. துண்டு போட்ட டிவி. நீல வலை. அந்த அறையில் சத்தமே இல்லை, மழைகூட இல்லை. கன்னியப்பன் கற்பூரத் தட்டோடு நாற்காலிமேல் ஏறி நின்று, முகத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். அவன் கன்னம் நனைந்திருந்தது. உதடு பிரிந்து சேர்ந்தது. அம்மா.

கற்பூரப் புகை நேராக மேலே வந்தது. எரிந்தது. மூட இமை தேடினார்.

எங்கோ வெகு பக்கத்தில், காதோரத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே, ஒரு சின்னக் கை அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, போயிட்டாங்கப்பா. அப்பா. கண்ணைத் தொறப்பா. எதுக்கு மூடிக்கினே இருக்க?"